மலைப் பீரங்கி முதல் போஃபர்ஸ் வரை: இந்தியப் பீரங்கிப் படை பற்றிய கேள்வி பதில்

கேள்வி: 1827 செப்டம்பர் 28-இல் இந்தியப் பீரங்கிப் படை பிறந்தது என்று, அந்தத் தேதியை கன்னர்கள் (பீரங்கி வீரர்கள்) தினமாகக் கொண்டாடுகிறார்கள். அப்போது இந்திய ராணுவம் என்றே ஒன்று கிடையாதே, சார்?

பதில்: கிழக்கிந்தியக் கம்பெனியின் படை இருந்ததே. அந்தத் தேதியில் பம்பாய் மாகாணப் படையில் கோலந்தாஸ் (இந்தியப் பீரங்கி வீரர்கள்) பட்டாளத்தின் 8-ஆம் கம்பெனி என்ற படைப்பிரிவு திரட்டப்பட்டது. பின்னாளில் அதுதான் 5-ஆம் பம்பாய் மலை பேட்டரி. பேட்டரி என்றால் சில பீரங்கிகள் கொண்ட பிரிவு; மலை பேட்டரி, பீரங்கியைக் கோவேறு கழுதைமேல் ஏற்றிப் போகும் பிரிவு. இப்போது 57-ஆம் ஃபீல்டு ரெஜிமென்ட்டில் இருக்கிறது. அதற்கு முன்பே நம்மவர்கள் பீரங்கி இயக்கியிருக்கிறார்கள். ஆனால் கலைக்கப்படாமல் இன்றுவரை தொடர்ந்து வருவதால் இதன் பிறந்த நாளே மொத்தப் படைக்கும் பிறந்த நாளாயிற்று.

கேள்வி: 1857-க்குப் பிறகு இந்தியர்களைப் பீரங்கிப் பக்கமே விடவில்லை என்கிறார்களே, உண்மையா?

பதில்: பெருமளவு உண்மை. வங்காளப் படையின் கோலந்தாஸ்கள் பலர் பீரங்கியோடு கிளர்ச்சியில் சேர்ந்துவிட்டார்கள். அந்தச் சூடு ஆறவே இல்லை. இந்தியப் பீரங்கிப் பிரிவுகள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன. தப்பியவை முக்கியமாக மலை பேட்டரிகள். வடமேற்கு எல்லையில் சக்கரம் உருளப் பாதை கிடையாது, மலை பேட்டரிகள் இல்லாமல் அங்கே வேலை நடக்காது. குண்டும் சிறியது, கோட்டையைத் தகர்க்காது. நம்பிக்கையைவிடக் கணக்குதான் அவற்றைக் காப்பாற்றியது என்பேன்.

சமவெளிப் பீரங்கி மறுபடி இந்தியர் கைக்கு வந்தது 1935 ஜனவரி 15-இல், பெங்களூரில், 'ஏ' ஃபீல்டு பிரிகேடாக. குதிரைகள் இழுத்த அந்தப் பிரிகேடில் மதராஸ் வீரர்களின் பேட்டரி ஒன்றும் இருந்தது. கம்பெனிக் காலத்தில் மதராஸ் பீரங்கிப் படைக்குத் தலைமையிடம் நம்ம பரங்கிமலை.

கேள்வி: அண்ணா, பீரங்கியைக் கோவேறு கழுதை எப்படிச் சுமக்கும்?

பதில்: முழுசாகச் சுமக்காது தம்பி, பிரித்து ஏற்றுவார்கள். 1879-இல் வந்த 2.5 அங்குலப் பீரங்கியின் குழலே இரண்டு துண்டு, ஒவ்வொன்றும் சுமார் 90 கிலோ. நடுவில் பெரிய மரையை முறுக்கி இணைத்துவிடலாம். குழலுக்கு 2, அதைத் தாங்கும் சட்டம், அச்சு, சக்கரங்கள் ஆகியவற்றுக்கு 3 என்று ஒரு பீரங்கிக்கு 5 கழுதை. சுமை ஒரு பக்கம் சாய்ந்தால் சேணம் முதுகை உரசிப் புண்ணாக்கிவிடும். ஒரு கழுதை நொண்டினால் பீரங்கியே நொண்டியது மாதிரி.

அதன் பெரிய குறை கருமருந்து. ஒரு தடவை சுட்டால் வெண்புகை எழுந்து, இருக்கும் இடத்தை எதிரிக்குக் காட்டிக்கொடுக்கும். தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரில் பிரிட்டிஷார் இதனால் நன்றாகவே அடி வாங்கினார்கள். பிறகு முதல் உலகப் போர்க் காலத்தில் வந்த 3.7 அங்குல ஹோவிட்சருக்கு (குண்டை உயர வளைத்து வீசும் பீரங்கி) 8 கழுதை தேவைப்பட்டது. 9 கிலோ குண்டை ஐந்தரை கிலோமீட்டர் வரை வீசும். இரண்டாம் உலகப் போரில் பர்மாக் காடுகள் வரை அதுதான் போனது.

கேள்வி: பீரங்கிப் படையில் பிரிட்டிஷாரின் உயரிய வீர விருதான விக்டோரியா கிராஸ் வாங்கிய இந்தியர் யார்?

பதில்: ஹவில்தார் உம்ராவ் சிங். 1944 டிசம்பர் 15–16 இரவு, பர்மாவின் கலடான் பள்ளத்தாக்கு. தோட்டா தீர்ந்தபின் பீரங்கியைத் தூக்கப் பயன்படும் இரும்புத் தடியை எடுத்து அடித்தார். ஆறு மணி நேரம் கழித்து, 7 பலத்த காயங்களோடு பீரங்கிக்குப் பக்கத்தில் மயங்கிக் கிடந்தார். சுற்றிலும் ஜப்பானியர் 10 பேரின் உடல்கள்.

கேள்வி: 1999 கார்கில் போரில் போஃபர்ஸ் என்ற ஸ்வீடன் பீரங்கி நேராகக் குறிபார்த்துச் சுட்டது ஏன்? வழக்கமாகப் பார்வைக்கு அப்பால்தானே சுடுவார்கள்?

பதில்: வழக்கமான முறையில், முன்னால் இருக்கும் கண்காணிப்பு அதிகாரி குண்டு விழுந்த இடத்தைப் பார்த்து 'தாண்டியது, குறைந்தது' என்று சொல்வார். இடைவெளியைப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே வந்து, இலக்கு நடுவில் சிக்கியதும் எல்லாப் பீரங்கியும் சேர்ந்து சுடும். கத்தி முனை போன்ற முகட்டில் இது சொதப்பும். 50 மீட்டர் தாண்டினாலே குண்டு மறுபக்கப் பள்ளத்தில் போய் விழும். எங்கே வெடித்தது என்றே தெரியாது.

அதோடு, அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவு. அதே கோணத்தில் அதே அளவு வெடிமருந்துக்குக் குண்டு அதிக தூரம் போகும். குளிரில் மருந்தின் வெப்பநிலை குறைந்தால் வேகம் குறையும், குண்டு முன்னாலேயே விழும். இரண்டும் எதிரெதிராக இழுப்பதால், எந்தக் கோணத்தில் எவ்வளவு தூரம் என்று சொல்லும் சமவெளி அட்டவணையை அப்படியே நம்ப முடியாது. வானிலை அளவு வரவர, திருத்தம் போட்டுக்கொண்டே இருக்கணும்.

ஆகவே எதிரியின் பங்கர் (பதுங்கு குழி) கண்ணில் படும் இடங்களில் போஃபர்ஸை முன்னால் கொண்டுபோய் நேராகச் சுட்டார்கள். சுமார் 13 விநாடியில் 3 குண்டு போகும். ஆனால் நாம் பார்த்தால் எதிரியும் பார்ப்பான். பதிலடி உடனே வரும். அந்தப் போரில் மொத்தம் சுமார் இரண்டரை லட்சம் குண்டுகளும் ராக்கெட்டுகளும் செலவாயின. திராஸ் பகுதியின் 5140 முகட்டுக்கு 2022-இல் 'கன் ஹில்' (பீரங்கிக் குன்று) என்று பெயர் வைத்தது பீரங்கிகளின் அந்தப் பங்குக்காகத்தான்.

கேள்வி: பீரங்கி ரெஜிமென்ட்டுக்குக் கொடி உண்டா? எத்தனை பீரங்கி?

பதில்: தனிக்கொடி கிடையாது, பீரங்கியே கொடி. அதைக் கைவிட்டு ஓடுவது காலாட்படை கொடியை இழப்பதற்குச் சமம். எண்ணிக்கை வழக்கமாக 18: மூன்று பேட்டரி, பேட்டரிக்கு 6.

கேள்வி: விமான எதிர்ப்புப் பீரங்கியும் இதில்தானே சேர்த்தி?

பதில்: முன்பு அப்படித்தான். 1994-இல் வான் பாதுகாப்புப் படை தனியாகப் பிரிந்தது. அதற்கு முன்பே, 1986-இல், குண்டு விழுவதை மேலிருந்து பார்த்துச் சொன்ன சிறு விமானப் பிரிவுகளும் ராணுவ வான்படைப் பிரிவாகப் போய்விட்டன.