கிப்சோகே 2 மணி நேரத்துக்குள் மாரத்தான் ஓடியும் அது ஏன் உலக சாதனை ஆகவில்லை?

2019 அக்டோபர் 12, வியன்னா. கென்ய ஓட்ட வீரர் எலியுட் கிப்சோகே 42.195 கிலோமீட்டரை 1:59:40 நேரத்தில் ஓடி முடித்தார். ஆனால் அது எல்லோரும் கலந்துகொள்ளும் போட்டியே அல்ல, ஐனியோஸ் நிறுவனம் பணம் போட்டு அவர் ஒருவருக்காகவே நடத்திய ஓட்டம். காற்றைத் தடுக்க 41 வீரர்கள் முறை மாற்றி மாற்றிக் கூடவே ஓடினார்கள், முன்னால் போன கார் எங்கே ஓட வேண்டும் என்று சாலையில் லேசர் கோடு போட்டது, தண்ணீரை சைக்கிளில் கொண்டுவந்து கையில் கொடுத்தார்கள். விதிப்படி இதை சாதனையாக ஏற்க முடியாது. சரியான முடிவுதான்.

எனக்கு உறுத்துவது அன்று அவர் போட்டிருந்தது போன்ற ஷூ விஷயம். கார்பன் தகடும், மிதிக்கும்போது வாங்கிய ஆற்றலில் பெரும்பகுதியைத் திருப்பித் தரும் தடிமனான நுரையும் சேரும்போது அதே வேகத்துக்குக் குறைந்த சக்தி போதும். இதில் எல்லோருக்கும் ஒரே அளவு பலன் கிடைப்பதும் இல்லை, உடம்புக்கு உடம்பு மாறும். 2016 ரியோ ஒலிம்பிக் மாரத்தானிலேயே நைக்கி வீரர்கள் சிலர் கடைக்கு வராத முன்மாதிரி ஷூவில் ஓடினார்கள், பக்கத்தில் ஓடியவர்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது! உலக தடகள அமைப்பு 2020-இல்தான் ஷூவின் அடிப்பாகத் தடிமன் 40 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது, ஒரு தகடுதான் என்று வரம்பு வைத்தது. அப்புறமும் முன்மாதிரிகளுக்கு அனுமதி உண்டு. ஸ்பான்சர் கிடைக்காத இளம் கென்ய, எத்தியோப்பிய வீரர்கள் அந்த ஷூவுக்கு எங்கே போவார்கள்?