சிறைக்கு மாற்றுத் தேடும் நீதித்துறையில் வேலை உண்டா? மகளின் விருப்பம் குறித்துக் கவலைப்படும் தந்தைக்கு

மதிப்பிற்குரிய ஐயா,

பன்னிரண்டாம் வகுப்பு முடித்துள்ள தங்கள் மகள், குற்றம் செய்தவர்களைத் திருத்தி மீட்கும் நீதிமன்றங்களில் பணியாற்ற விரும்புவதாகவும், அப்படியொரு வேலை நம் நாட்டில் இருக்கிறதா, அந்தச் சூழல் ஒரு பெண்ணுக்கு ஏற்றதா என்று தங்களுக்கு அச்சமாக இருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். வேலை இருக்கிறது. ஆனால் அவர் இணையத்தில் படித்த பெயரில் இல்லை.

அவர் படித்திருப்பது பெரும்பாலும் அமெரிக்க அனுபவமாக இருக்கும். போதைப்பழக்கத்தால் திரும்பத் திரும்பக் கைதாகிறவர்களைச் சிகிச்சைக்கு அனுப்பி, அவர்களுடைய முன்னேற்றத்தை நீதிபதியே தொடர்ந்து விசாரித்தறியும் நீதிமன்றம் 1989-இல் மயாமியில் தொடங்கியது. 2000-இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ரெட் ஹூக் சமூக நீதி மையம் ஒரு பழைய பள்ளிக் கட்டடத்தில் திறக்கப்பட்டபோது, குற்றவியல், குடும்ப, வீட்டு வாடகை வழக்குகளை ஒரே நீதிபதி விசாரிக்கும் ஏற்பாடு அமைந்தது. அதே பெயர்ப்பலகையை இங்கே தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். அந்த நோக்கமோ நம் சட்டங்களில் நெடுங்காலமாக இருந்துவருகிறது. குற்றவாளியைச் சிறைக்கு அனுப்பாமல் கண்காணிப்பில் விடுவிக்க வழிசெய்யும் நன்னடத்தைச் சட்டத்தைச் சென்னை மாகாணம் 1936-இலேயே கண்டது. அதே நோக்கிலான 1958-இன் மத்தியச் சட்டம், இருபத்தொரு வயதுக்குக் குறைந்தவரை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்கள் நீங்கலாக, காரணத்தைப் பதிவு செய்யாமல் சிறைக்கு அனுப்பக் கூடாது என்கிறது. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 39-ஆம் பிரிவு, போதைக்கு அடிமையானவரைச் சிகிச்சைக்காக விடுவிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதா, பொது இடத்தில் குடித்துவிட்டு ஒழுங்கீனமாக நடந்துகொள்வது போன்ற சில சிறு குற்றங்களுக்குச் சமூக சேவையைத் தண்டனையாகச் சேர்த்திருக்கிறது.

இவற்றுள் தங்கள் மகளின் விருப்பத்துக்கு மிக நெருக்கமானது, பதினெட்டு வயதுக்குட்பட்டோர் மீதான வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமம் என்பது என் கருத்து. அங்கே நடுவர் தனியாக அமர்வதில்லை. சமூகப் பணியாளர் இருவர் உடன் அமர்கிறார்கள், அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். ஒரு சிறுவன் பிடிபட்டால், அவன் வீட்டு நிலை என்ன, பள்ளியை ஏன் விட்டான், யாரோடு சேர்ந்தான் என்பதையெல்லாம் நேரில் அறிந்து, பதினைந்து நாட்களுக்குள் நன்னடத்தை அலுவலர் சமூகப் புலனாய்வு அறிக்கை அளிக்க வேண்டும். ஆலோசனையோடு வீட்டுக்கு அனுப்புவதா, சமூக சேவை செய்யச் சொல்வதா, கண்காணிப்பில் வைப்பதா, சிறப்பு இல்லத்துக்கு அனுப்புவதா என்று குழுமம் முடிவெடுக்கும்போது அந்த அறிக்கையைத்தான் பெரிதும் நம்பியிருக்கிறது. அது அவசரத்தில், அண்டை வீட்டாரிடம் இரண்டு வார்த்தை கேட்டு எழுதப்பட்டால், எவ்வளவு நல்ல சட்டமும் அந்தப் பிள்ளைக்கு உதவாது. ஆகவேதான் இத்துறைக்கு வர விரும்பும் மாணவர்களிடம், நீதிபதியின் இருக்கையை மட்டும் பார்க்க வேண்டாம், அந்த அறிக்கையை எழுதுகிறவரின் வேலையையும் பாருங்கள் என்று வலியுறுத்துகிறேன்.

அந்த வேலைக்குச் சட்டப் படிப்பு ஒன்றே வழியன்று. உளவியல், சமூகவியல் அல்லது சமூகப் பணியில் இளநிலைப் பட்டம் பெற்று, 1952-இல் தொடங்கப்பட்ட சென்னை சமூகப் பணிக் கல்லூரி போன்ற ஒன்றில் முதுநிலை சமூகப் பணி பயிலலாம். சென்னைப் பல்கலைக்கழகத்திலும் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் குற்றவியல் துறைகள் உள்ளன. நன்னடத்தை அலுவலர் பணியிடம் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தொகுதி 2 தேர்வு வழியாக நிரப்பப்படுவது. நிரந்தரப் பணியை விரும்பும் குடும்பத்துக்கு இது முக்கியமான செய்தி. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுகளின் பணியிடங்களோ ஒப்பந்த அடிப்படையில், தொகுப்பூதியத்தில் அமைபவை. பல ஆண்டுகள் பணியாற்றியும் நிரந்தரம் ஆகாதவர்கள் உண்டு என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

வாதாடும் ஆர்வம் இருந்தால் ஐந்தாண்டுச் சட்டப் படிப்பே பொருத்தம். அதை முடித்ததும், இலவசச் சட்ட உதவி வழங்கும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவின், வழக்கறிஞர் வைக்க வசதியற்றவர்களுக்காகக் குற்ற வழக்குகளில் வாதாடும் சட்ட உதவிப் பாதுகாப்பு வழக்கறிஞர் திட்டத்தில் உதவி வழக்கறிஞராகச் சேர, மூன்றாண்டுக்குட்பட்ட அனுபவமே உள்ள இளையவர்களுக்கும் இடமுண்டு. உரிமையியல் நீதிபதித் தேர்வை எழுத மூன்றாண்டு வழக்கறிஞர் பணி தேவை என்று 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருப்பதால், அந்த இலக்கு இருந்தாலும் இடைப்பட்ட ஆண்டுகளை இத்தகைய பணியில் கழிப்பது பயனுள்ளது.

தங்கள் அச்சத்தை நான் அலட்சியப்படுத்தவில்லை. வீடுகளுக்கு நேரில் செல்ல வேண்டியிருக்கும். மதுவால் சிதைந்த குடும்பங்களையும், மீண்டும் தவறு செய்து திரும்பி வரும் பிள்ளைகளையும் காண வேண்டியிருக்கும். மனச்சோர்வே இப்பணியின் பெரிய ஆபத்து என்று நினைக்கிறேன். நல்ல மேற்பார்வையாளரும், துயரத்தைப் பகிர்ந்துகொள்ளச் சக பணியாளர்களும் இருந்தால் தாங்க முடியும். தனியே தாங்குவது கடினம். இப்பணியில் பெண்கள் ஏராளமாக இருக்கிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

படிப்பைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் மகளுடன் தாங்களும் மாவட்ட நீதிமன்ற வளாகத்துக்கு ஒரு நாள் சென்று வாருங்கள். இளைஞர் நீதிக் குழும விசாரணையைப் பொதுமக்கள் பார்க்க முடியாது. குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தின் வழக்கமான விசாரணைகளை உட்கார்ந்து கவனிக்கலாம். அதே வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில், சட்ட உதவி பெற மக்களுக்கு வழிகாட்டும் சட்டத் தன்னார்வலர்களைத் தேர்ந்தெடுக்கும் அறிவிப்பு எப்போது வரும் என்றும், கல்லூரியில் சேர்ந்தபின் அவர் விண்ணப்பிக்கலாமா என்றும் கேட்டு வாருங்கள்.