கேளுங்க கிராணியாரே: வேலிக்கு அப்பால் லாலான், காலுக்கடியில் கரிமண்

கேள்வி: கிராணி ஐயாவுக்கு வணக்கம். தோட்டத்தை விட்டு வந்து பந்திங் பக்கம் ஒரு பலகை வீடு வாங்கியிருக்கிறோம். பின்வேலிக்கு அப்பால் யாரும் கவனிக்காத நிலம், ஆளுயர லாலான் புல். போன வறட்சியில் தீ வேலி வரைக்கும் வந்துவிட்டது. இந்த முறை நாமே முந்திக்கொண்டு கொளுத்திவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர். மீறி வந்தால் கூரைமேல் ஏறித் தண்ணீர் அடிப்பாராம். சரிதானா?
— ஒரு வாசகி, பந்திங்

பதில்: தங்கச்சி, முதலில் அவர் தீப்பெட்டியை வாங்கி அரிசி டின்னுக்குள் ஒளித்து வையுங்கள்.

நானும் கொளுத்தினவன்தான். லயத்துக்குப் பின்னால் லாலானுக்குத் தீ வைத்துவிட்டு, கோப்பிக் குவளையோடு நின்று வேடிக்கை பார்த்தேன். மத்தியானம் காற்று திரும்பியது. பக்கத்து வீட்டு அக்காவின் கோழிக்கூடு போயிற்று. ஏழு கோழி. அடுத்த தீபாவளி வரை அவர் என் முகம் பார்க்கவில்லை. லாலானோ சில வாரத்தில் அதே இடத்தில் பச்சைப்பசேலென்று நின்றது! அதன் வேர்த்தண்டு மண்ணுக்குள் பத்திரமாக இருக்கிறது. எரித்தால், அதோடு வளரும் மற்றச் செடிகொடிதான் சாகும். அது போக, நம் மலேசியாவின் 1974-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி திறந்தவெளியில் எரிப்பது குற்றம்.

பந்திங் என்று எழுதியதால்தான் எனக்குக் கூடுதல் கவலை. பந்திங் இருக்கும் கோல லங்காட் வட்டாரத்தில் பல இடம் கரிமண். மலாயில் தானா கம்புட். சங்கோல் மண்வெட்டியால் ஒரு வெட்டு வெட்டிப் பாருங்கள். கறுப்பாக, முழுசாக மக்காத வேரும் கட்டையுமாக வந்தால் அதுதான். மண் என்று பேர், பாதி மக்கிய மரம். செம்பனை நட பாரிட் என்ற வடிகால் வெட்டித் தண்ணீரை வடித்துவிட்டால் காய்ந்து விறகாகிவிடும். மேலே புல் அணைந்த பிறகும் அடியில் தீ வாரக்கணக்கில் ஊர்ந்துகொண்டிருக்கும். உள்ளே வெந்து பொள்ளலான இடத்தில் மிதித்தால் கால் தணலில் இறங்கும். காய்ந்த கரிமண் தண்ணீரையும் லேசில் குடிக்காது. உங்கள் ரப்பர் குழாய் அதற்கு எந்த மூலைக்கு? தீயணைக்கும் போம்பாக்காரர்களே பாரிட்டை அடைத்து, நிலத்தில் தண்ணீரைத் தேக்கி அணைக்க வேண்டியிருக்கிறது. தரையிலிருந்து புகை கசிந்தால் கிட்டே போகாமல் 999-க்கு அழையுங்கள்.

இனி வீடு. தீ வேலி தாண்டி நடந்து வரும் என்றுதான் நாமெல்லாம் காத்திருக்கிறோம். பலகை வீட்டைப் பிடிப்பது பெரும்பாலும் பறந்து வரும் பொறி. கூரைத் தகரத்தை அது ஒன்றும் செய்யாது. கூரையோர வாய்க்காலில் தேங்கிய சருகு, தகரத்துக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடுக்கு, வீட்டுக்கு அடியில் திணித்த பழைய சாக்கு, இவற்றில்தான் உட்கார்ந்து கனியும். சுவரைச் சுற்றி ஐந்தடிக்கு எரியக்கூடிய எதுவும் கிடக்கக் கூடாது. விறகு, பிளாஸ்டிக் நாற்காலி, கேஸ் தோம்பு எல்லாம் விலகட்டும். இடுக்குகளுக்குச் சன்னமான கம்பிவலை அடியுங்கள். பலகை வேலி வீட்டுச் சுவரில் முட்டுகிறதா? கடைசி இரண்டு பலகையைப் பிடுங்கிவிடுங்கள். தீக்கு அதுதான் பாலம். வேலியோர லாலானை மெஷினால் அறுங்கள், ஆனால் காலையில், ஈரம் இருக்கும்போதே. கல்லில் பிளேடு பட்டால் அதுவே பொறி. அறுத்ததை அங்கேயே காயப் போடாதீர்கள்.

கூரைமேல் ஏறுவது மட்டும் வேண்டாம். புகையில் கண் தெரியாது, ஈரத் தகரம் வழுக்கும். போம்பா கிளம்பச் சொன்னால் அடையாள அட்டை, மருந்து, பிறப்புப் பத்திரம் உள்ள பையோடு கிளம்புங்கள்.

கேள்வி: புகைமூட்டத்துக்கு மூக்கில் ஈரத்துண்டு கட்டினால் போதாதா?
— ஒரு வாசகர், காப்பார்

பதில்: போதாது. 2005 ஆகஸ்டு 11-இல் போர்ட் கிள்ளானிலும் கோல சிலாங்கூரிலும் புகைமூட்டத்தால் அவசரநிலை அறிவித்தார்கள். காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500-ஐத் தாண்டியிருந்தது. நான் ஈரத்துண்டோடு திரிந்துவிட்டு இரவெல்லாம் இருமினேன். நுண்துகளைத் துணி தடுக்காது. என்95 முகக்கவசம் வாங்குங்கள், கன்னத்தில் ஒட்டி உட்கார வேண்டும். தாடி இருந்தால் ஒட்டாது. எடுத்துவிடுங்கள், அதுவும் லாலான் மாதிரிதான்.