மால்டி முறையில் (லேசர் அடித்து, மூலக்கூறுகளை நிறையால் அடையாளம் காணும் முறை) டோபமைன் என்ற மூளை வேதிப்பொருளின் பரவலைப் படமெடுக்க ஃபார்மலினில் வைத்த மூளைத் திசு போதுமா?

போதாது தம்பி. டோபமைன் சின்ன மூலக்கூறு, ஃபார்மலினிலும் கழுவலிலும் கரைந்து போய்விடும். −80 டிகிரியில் உறைந்த திசுதான் வேண்டும். லோட்ஷெடிங்கில் (மின்வெட்டில்) ஃப்ரீசர் ஒருமுறை இளகினாலும் அந்தத் துண்டை நம்பாதீர்கள். கிரையோஸ்டாட்டில் (உறைந்த திசுவைச் சீவும் கருவி) 10–12 மைக்ரான் தடிமனில் சீவி, மின்கடத்தும் கண்ணாடித் தகட்டில் ஒட்டுங்கள். திசுவைப் பிடித்துவைக்கும் ஓசிடி பசையில் அதை முக்கக் கூடாது, பசையிலுள்ள பாலிமர் டோபமைனின் சமிக்ஞையை அமுக்கும். திசுவின் அடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் உறைந்தாலே அது கருவியின் தாங்கியில் பிடித்து நிற்கும்.

கடலோர நகரமான டர்பனில் பெரிய எதிரி ஈரக்காற்று. ஃப்ரீசரிலிருந்து எடுத்த தகட்டில் நீர்த்துளி படிந்தால் டோபமைன், அது செறிந்திருக்கும் மூளைப் பகுதியான ஸ்ட்ரயாட்டத்தின் எல்லை தாண்டி வழிந்து, படம் மங்கிவிடும். மூடிய டப்பாவோடு அறைவெப்பத்துக்குக் கொண்டுவந்து, வெற்றிட டெசிகேட்டரில் (ஈரம் உறிஞ்சும் மூடிய கலம்) உலர்த்துங்கள்.

மால்டியில் டோபமைன் தெரியும் நிறை 154 அருகே, டிஎச்பி மேட்ரிக்ஸின் (லேசரை உள்வாங்கத் திசுமேல் பூசும் பொருள்) சொந்த உச்சமும் நிற்கும். அதனால் டோபமைனோடு வினைபுரிந்து சேரும் எஃப்எம்பி-10 தெளித்து டோபமைனின் நிறையை உயர்த்திப் பிரித்துப் பாருங்கள்.