ஜெட் மொடலுக்குப் பெயின்டும் அழுக்கும்: கொழும்புக் காத்துக்குள்ள வேலை செய்றவைக்கான கேள்வி பதில்

கேள்வி அனுப்பின எல்லாருக்கும் வணக்கம். கூடுதலா வந்தது பிளாஸ்டிக் ஜெட் மொடலுக்கு பெயின்ட் அடிக்கிறது, வெதரிங், அதாவது பாவிச்ச விமானம் மாதிரி அழுக்கும் வெளிறலும் வைக்கிறது பத்தின கேள்விகள்தான், அதால ஒட்டுற வேலை, புட்டி வைக்கிற வேலை பத்தி இண்டைக்கு கதைக்கேல்ல. ஒரே கேள்விய நாலைஞ்சு பேர் கேட்டிருந்தா ஒண்டா சேர்த்திட்டன். ஒண்ட மட்டும் முதலே சொல்லுறன், மொடலில எந்த அழுக்க வைக்க முதலும் இது எங்கால வந்தது எண்டு கேட்டுப் பாருங்கோ. எண்ணெய் ஒழுகினதா, சப்பாத்து மிதிச்சதா, வெயிலுக்கு வெளிறினதா? காரணம் தெரியாமல் வைக்கிற அழுக்கு எவ்வளவு வடிவா இருந்தாலும் பொய்யாத்தான் தெரியும்.

கொட்டாஞ்சேனையில இருந்து ஒரு தம்பி: அண்ணா, மிஸ்டர் கலர் பிராண்ட் லேக்கர் (கெதியா காயிற பெயின்ட்) கிரே அடிச்சன், காயக்க மேல புகார் மூடின மாதிரி வெள்ளையா வந்திட்டுது. பெயின்ட் பழுதா?

பெயின்ட்ல பிழையில்ல தம்பி, காத்தில இருக்கிற ஈரம்தான். லேக்கர் தின்னர் கெதியா ஆவியாகேக்க மேற்பரப்பில இருக்கிற சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும், மேல் குளிர்ந்தோன்ன காத்தில இருக்கிற தண்ணி அதில படிஞ்சு பெயின்டோட சிக்கிப்போகும், அதுதான் நீங்கள் பாத்த வெள்ளை. கொழும்பில கடலும் பக்கத்தில, மழையும் கூட, எங்களுக்கு இது வராட்டித்தான் புதினம். சாதாரண தின்னர விட்டிட்டு மிஸ்டர் கலர் லெவலிங் தின்னர் பாவியுங்கோ, அதுக்குள்ள ரிட்டார்டர் இருக்கு, மெல்லமா காயும், அதால மேல் அவ்வளவு குளிராது, ஈரம் படியிறதும் குறையும், பெயின்டும் வழுவழுப்பா பரவும். ஏற்கனவே வெள்ளையா போனத உரிக்க வேண்டாம். மழை இல்லாத ஒரு நாள் பாத்து அதே லெவலிங் தின்னர மட்டும் மெல்லிசா ஒருக்கா அடிச்சுப் பாருங்கோ, பெயின்ட் இளகி ஈரம் வெளியேற அனேகமா நிறம் திரும்பி வந்திடும். கூட அடிச்சா வழிஞ்சு ஓடும், அதில மட்டும் கவனம்.

ஏசி இருக்கிற வீடெண்டா அடிக்க ஒரு மணித்தியாலம் முதல் ஏசிய போட்டு விடுங்கோ, அறையில இருக்கிற ஈரத்த அது நல்லா இறக்கும். இன்னொண்டு, எயார்பிரஷ்ஷுக்கு, அதாவது பெயின்ட் விசிறுற பேனைக்கு, காத்துக் குடுக்கிற கம்பிரசருக்குள்ளயும் தண்ணி சேரும். காத்த அமுக்கி பிறகு அது குளிரேக்க அதில இருந்த ஈரம் டாங்குக்குள்ளயும் குழாய்க்குள்ளயும் தண்ணியா நிக்கும், பிறகு நல்ல கிரே கோட் ஒண்டுக்கு நடுவில ஒரு துளி துப்பும். எயார்பிரஷ்ஷுக்குக் கிட்ட தண்ணிய பிடிச்சு வைக்கிற மொய்ஸ்ச்சர் ட்ரப் ஒண்டு பூட்டுங்கோ, வேலை முடிஞ்சோன்ன டாங்குக்குக் கீழ இருக்கிற வால்வ திறந்து தண்ணிய விடுங்கோ. ஹார்ட்வெயாரில விக்கிற என்சி தின்னர பெயின்டோட கலக்க வேண்டாம், பிளாஸ்டிக்க அரிக்கும். எயார்பிரஷ் கழுவ மட்டும் காணும்.

தெஹிவளையில இருந்து ஒரு தங்கச்சி: ஃப்ளாட்டில இருக்கிறம், சின்னப்பிள்ளை இருக்கு. அக்ரிலிக் எண்டா மணமில்லைதானே, மாஸ்க் தேவையா?

தேவை தங்கச்சி. மணமில்லாத பெயின்டும் எயார்பிரஷ்ஷால வரேக்க தூசியா மாறி நெஞ்சுக்குள்ள போகும். டமியா அக்ரிலிக்கில அல்கஹோலும் இருக்கு. லேக்கர் அடிச்சா சாதாரண துணி மாஸ்க், சர்ஜிகல் மாஸ்க் ஒண்டும் சரிவராது, ஆவிய தடுக்கிற கார்ட்ரிஜ் உள்ள ரெஸ்பிரேட்டர்தான் போட வேணும், யன்னல் பக்கம் வெளிய தள்ளுற ஸ்ப்ரே பூத்தும் வேணும். பிள்ளை இருக்கிற அறையில அடிக்கவே வேண்டாம். இத கட்டாயம் கேளுங்கோ, லேக்கர் அடிக்கிற அறையில நுளம்புத்திரி, சாமி விளக்கு, காஸ் அடுப்பு எதுவும் எரியக்கூடாது. பின்னேரத்தில நுளம்புத்திரி கொளுத்துறது எங்கட கைப்பழக்கம், அதால சொல்லுறன்.

ஹட்டன்ல இருந்து ஒருத்தர்: அண்ணே, எஃப்-16க்கு கிரே வாங்கலாம்னு பாத்தா முப்பது விதமான கிரே இருக்கு. எத வாங்குறது?

அமெரிக்க விமானப்படை எஃப்-16இல நீண்ட காலமா நாங்கள் பாக்கிற கிரேகள் எஃப்எஸ் (அமெரிக்க அரசின்ர நிற நம்பர் முறை) 36118, 36270, 36375. மேல் பக்கத்துக்கு கடும் கிரே 36118, மூக்குப் பக்கத்துக்கு 36270, வயித்துக்கு வெளிர் கிரே 36375. பிந்தின காலத்து சிலதில 36118உம் 36270உம் மட்டும்தான், நீங்கள் செய்யிற விமானத்தின்ர படத்த வச்சு தீர்மானியுங்கோ. மிஸ்டர் கலரில வரிசையா 305, 306, 308 எண்டு கேட்டு வாங்கலாம். இந்த நம்பரிலயே விஷயம் இருக்கு. முதல் இலக்கம் 1 எண்டா பளபளப்பு, 2 எண்டா அரைப் பளபளப்பு, 3 எண்டா மட், அதாவது பளபளப்பே இல்லாதது. ரெண்டாவது இலக்கம் நிறக் குடும்பம், 6 கிரே, 5 நீலம். எஃப்-14 மாதிரி சில அமெரிக்க கடற்படை ஜெட்டுகளின்ர மேல் பக்கத்துக்கு வாற 35237 நீலக் குடும்பம், போத்தலில பாத்தா கிரே மாதிரித்தான் இருக்கும், ஆனா பக்கத்தில 36320ஐ வச்சோன்ன நீலம் தெரியும்.

மருதானையில இருந்து ஒரு ப்ரோ: ப்ரீ ஷேடிங், அதான் நிறம் அடிக்க முதல் அடியில கறுப்பு அடிக்கிறது, செஞ்சா தகடுகள் சேர்ற கோடு, எல்லா பெனல் லைனும் ஒரே மாதிரி கறுப்பா கட்டம் போட்ட மாதிரி வருது. இயற்கையா எப்படி கொண்டு வாறது?

கட்டம் மாதிரி வாறதுக்கு காரணம் எல்லா லைனையும் ஒரே அளவில கறுப்பாக்கினதுதான். உண்மையான ஜெட்டில லைனுக்கு லைன் அழுக்குப் படியிறேல்ல. அமெரிக்கக் கடற்படை எஃப்-14இன்ர படங்கள எடுத்துப் பாருங்கோ, என்ர கண்ணுக்கு வெதரிங் படிக்க அத விட நல்ல விமானம் இல்ல. 2006இல சேவைய விட்டுப் போகும் வரைக்கும் மாசக்கணக்கா கப்பலில, உப்புக் காத்துக்குள்ள நிண்டது. அலுமினியம் அரிச்சுப் போகாமல் இருக்க எங்க பெயின்ட் கழண்டாலும் ஆக்கள் உடன சுரண்டி புதுக் கிரே பூசி விட்டவை, அந்தப் புதுக் கிரே பழைய வெளிறின கிரேயோட சேரேல்ல, அதால உடம்பு முழுக்க ஒட்டுப் போட்ட மாதிரி திட்டுத் திட்டா இருந்தது. ஒரு பெனல் கடுமை, பக்கத்துப் பெனல் வெளிறல், நடுவில யாரோ பிரஷ்ஷால இழுத்த ஒரு பட்டை.

இத மொடலில எப்பிடி செய்யிறதெண்டா, கறுப்பு இல்லாட்டி கடும் கிரே ஒண்ட முழுக்க அடிச்சுப்போட்டு, அதுக்கு மேல அடிப்படை நிறத்த நல்லா தண்ணியா கலந்து, ஒரு பங்கு பெயின்டுக்கு மூண்டு பங்கு தின்னர் அளவில, பிரஷர 10இல இருந்து 12 பிஎஸ்ஐக்கு இறக்கி, கிட்டப் பிடிச்சு கிறுக்குங்கோ. ஒழுங்கில்லாத புழு மாதிரி கோடுகள், சின்னச் சின்னப் புள்ளிகள், ஒரு பெனலுக்குள்ள நெருக்கமா, மற்றதுக்குள்ள ஐதா. 0.3 மில்லிமீட்டர் ஊசி காணும். ஊசி நுனியில பெயின்ட் காஞ்சு அடைக்கும், அப்பப்ப தின்னர் தொட்ட பஞ்சால துடைச்சுக்கொண்டு போக வேணும். பிறகு அதே நிறத்த மெல்லிசா முழுக்க ஒருக்கா அடிச்சு எல்லாத்தையும் சேர்த்து விடுங்கோ, இந்தக் கடைசிக் கோட்டில கொஞ்சம் கூடினாலும் செய்த வேலை எல்லாம் மறைஞ்சு போகும், அதால அடிச்சு, தள்ளி வச்சுப் பாத்து, திரும்ப அடிக்க வேணும். கடைசியா ஒட்டுத் திட்டுகளுக்கு போஸ்ட்-இட் தாளின்ர ஓரத்த மறைப்பா வச்சு, கொஞ்சம் வெளிறின கிரேயும் கொஞ்சம் கடும் கிரேயும் அங்கங்க.

வத்தளையில இருந்து ரெண்டு பேர்: தண்ணியில நனைச்சு ஒட்டுற டெகல் படத்தச் சுத்தி வெள்ளி மாதிரி மினுங்குது, ஏன்?

மட் பெயின்டுக்கு மேல நேர ஒட்டினதால. மட் பரப்பு நுண்ணா கரடுமுரடா இருக்கும், டெகலுக்குக் கீழ காத்து மாட்டுப்பட்டு மினுங்கும். முதல் கிளியர் கிளாஸ், டமியா எக்ஸ்-22 எண்டாலும் சரி, பிறகு டெகல், அத இளக்க மிஸ்டர் மார்க் சொஃப்டர் இல்லாட்டி மைக்ரோ சோல், அது காஞ்சோன்ன திரும்ப கிளாஸ், அதுக்குப் பிறகு வொஷ், அதாவது இடுக்குகளுக்குள்ள விடுற தண்ணிப் பெயின்ட், கடைசியா மட். மார்க் சொஃப்டர் போட்டோன்ன டெகல் சுருங்கும், பயந்து தொட வேண்டாம், தானா இறங்கும்.

வெள்ளவத்தையில இருந்து ஒரு அண்ணா: வயித்துப் பக்கம் ஒழுகின கறை போட்டன், பிள்ளை பாத்திட்டு துருப்பிடிச்ச பஸ் மாதிரி இருக்கு எண்டுது.

பிள்ளை சரியாத்தான் பாத்திருக்கு அண்ணா. அலுமினியத்துக்கு செந்துரு வராது, ஜெட்டின்ர தோல் பெரும்பாலும் அலுமினியம், அதால செம்மண் நிறக் கறை அங்க பொருந்தாது. ஜெட்டின்ர வயித்தில ஒழுகிறது ஹைட்ரோலிக் எண்ணெய், என்ஜின் எண்ணெய், எரிபொருள். அதுகள் தூசியோட சேர்ந்து கறுத்த மண்ணிறமாத்தான் தெரியும். நிறத்த விட முக்கியம் திசை. பறக்கேக்க ஒழுகினது காத்தோட பின்னால இழுபடும், நிக்கேக்க ஒழுகினது நேர கீழ வடியும். ஒரு சின்ன மூடிக்குக் கீழ இருந்து தொடங்கி பின்பக்கம் சாஞ்சு போற கறை ஒண்டிலயே அந்த விமானம் பறந்தது தெரியும்.

நான் செய்யிற முறை: பர்ன்ட் அம்பர் ஒயில் பெயின்ட்ட ஒரு கார்ட்போட் துண்டில கொஞ்சம் பிதுக்கி விட்டு, எண்ணெய கார்ட்போட் உறிஞ்ச விடுறது, இல்லாட்டி மொடலில காய நாள் கணக்கா எடுக்கும், மினுங்கியும் நிக்கும். அதில கொஞ்சம் கறுப்பு. ஊசி நுனி பிரஷ்ஷால மூடி ஓரத்தில ஒரு புள்ளி, கடுகளவு காணும். பத்து நிமிஷம் விட்டு, தட்டைப் பிரஷ்ஷ எனாமல் தின்னரில தொட்டு, டிஷ்யூவில ஒத்தி, கிட்டத்தட்ட காஞ்ச பிரஷ்ஷால காத்துத் திசைக்கு ஒரே இழுவை. தொடக்கத்தில கடுமையா, வால் பக்கம் மறைஞ்சு போற மாதிரி வரும். பிடிக்காட்டி தின்னரால முழுக்கத் துடைச்சு எடுக்கலாம், கீழ அக்ரிலிக்கோ லேக்கரோ காஞ்சு இருந்தா ஒண்டும் ஆகாது. சில்லு மடிஞ்சு போற குழிகளச் சுத்தியும் என்ஜின் கதவுகளச் சுத்தியும் கூட வையுங்கோ, செட்டை நுனிப் பக்கம் குறைச்சு வையுங்கோ.

பம்பலப்பிட்டியில இருந்து ஒரு அக்கா: யுத்தத்தில விமானப்படையின்ர கிபீர் ஜெட் சத்தம் கேட்டு ஓடி ஒளிச்ச ஆக்கள் நாங்கள். இந்த விமானங்கள எப்பிடி ஆசையா வச்சு பெயின்ட் அடிக்கிறீங்கள்?

அக்கா, இது கேக்க வேண்டிய கேள்விதான். பங்கருக்குள்ள இருந்த ஆக்கள் எங்கட குடும்பத்திலயும் இருக்கினம், வீட்டுக்கு வந்து போறவை. கிபீரும் மிக்-27உம் என்ர அலுமாரியில இல்ல, இனியும் வராது. மற்ற ஜெட்டுகளின்ர வடிவமும், அத துடைச்சுப் பூசி வச்சிருந்த தொழிலாளியின்ர கைவேலையும்தான் என்ன இழுக்குது. ஆனா எல்லா ஜெட்டும் எங்கயோ ஒரு ஊர் ஆக்களின்ர தலைக்கு மேல பறந்ததுதான், அது எனக்குத் தெரியும். குண்டு, ஏவுகணை ஒண்டும் தொங்கவிடாமல்தான் கட்டுறன்.

கல்கிசையில இருந்து: இரத்மலானை விமானப்படை மியூசியத்தில நிக்கிற விமானங்களப் பாத்து வெதரிங் செய்யலாமா?

போய்ப் பாருங்கோ, ஆனா வேற விஷயத்துக்கு. ரிவெட் எவ்வளவு சின்னது, பெனல் இடுக்கு எவ்வளவு ஒடுக்கம், டயர் எப்பிடி நசுங்கி நிக்குது, இதெல்லாம் படத்தில விளங்காது. பழைய ஜெட் ஒண்டின்ர செட்டைக்குக் கீழ குனிஞ்சு பாத்தா பெனல் லைன் எண்டுறது எவ்வளவு மெல்லிசு எண்டு தெரியும், 48இல ஒண்டு அளவில அது கண்ணுக்கே தெரியக்கூடாது. அதாலதான் லைனுக்கு சுத்தக் கறுப்பு வொஷ் விடாதீங்கோ எண்டுறன், அடி நிறத்த விட ரெண்டு படி கடுமையான கிரே காணும். ஆனா மியூசியத்தில நிக்கிறதின்ர அழுக்கு வெயிலும் மழையும் பட்டு நிண்ட அழுக்கு. பறக்கிற ஜெட்டுக்கு சேவையில இருந்த காலத்துப் படம்தான் சாட்சி.

வவுனியாவில இருந்து ஒரு மாணவன்: எயார்பிரஷ் வாங்க வசதியில்லை. கைப்பிரஷ்ஷால சரிவருமா?

சரிவரும் தம்பி, மனம் விட வேண்டாம். 72இல ஒண்டு அளவில தொடங்குங்கோ, வலேஹோ மாதிரி அக்ரிலிக்க தண்ணியோட பால் பதத்துக்கு கலந்து, மெல்லிசா நாலு கோட், ஒவ்வொண்டும் நல்லா காய விட்டு. முதல் கோட் அசிங்கமாத்தான் இருக்கும், மூண்டாவதில மூடும். மேல சொன்ன எண்ணெய்க் கறை, வொஷ், சப்பாத்து அழுக்கு எல்லாமே கைப்பிரஷ் வேலைதான், அதுக்கு எயார்பிரஷ் தேவையே இல்ல. பிரஷ்ஷில ஒட்டுத் திட்டு வைக்கிறதில உங்களுக்கு வாய்ப்புக் கூட, உண்மையான கப்பலிலயும் அத பல நேரம் பிரஷ்ஷாலதான் பூசினவை.

மிச்சக் கேள்விகள் சின்னது, சேர்த்துச் சொல்லுறன். எக்ஸ்ஹோஸ்ட்டுக்கு, பளபளக்கிற கறுப்பு அடிச்சு அதுக்கு மேல அல்கிளாட் மாதிரி மெட்டல் நிறம், பிறகு கிளியர் மஞ்சள், ஊதா, நீலத்த மிக மெல்லிசா பட்டை பட்டையா, நீலம் கூடினா விளையாட்டுச் சாமான் மாதிரி போயிடும். எஃப்-16 எக்ஸ்ஹோஸ்ட்டின்ர உள் குழாய் மெட்டல் நிறமில்ல, அழுக்குப் பிடிச்ச வெள்ளை. டயருக்கு சுத்தக் கறுப்பு அடிக்காதீங்கோ, டமியா எக்ஸ்எஃப்-85 ரப்பர் பிளாக் சரி, நிலத்தில படுற பக்கம் கொஞ்சம் சாம்பல் தூசி. டமியா பெனல் லைன் அக்சென்ட் எனாமல் சாமான், பெயின்ட் இல்லாத பிளாஸ்டிக்கில, அதுவும் பசை போட்டு இறுக்கி ஒட்டின மூட்டுகளில தேங்க விட்டா வெடிப்பு வரும், கிளியர் கோட் ஒண்டுக்கு மேல மட்டும் பாவியுங்கோ. மட் கோட் மழை நாளில அடிக்க வேண்டாம், கெனோப்பிய, அதாவது விமானி இருக்கிற கண்ணாடி மூடிய, மறைச்ச டேப்ப கழட்டுறது அந்த மட் கோட் காஞ்ச பிறகுதான்.