டிஸ்சார்ஜ் சம்மரியில் தொலைந்துபோன கேள்விக்குறி

கேள்வி: பல ஆண்டுகளுக்கு முன் உடல் பருமனுக்காக என் மனைவிக்குக் குடல் பைபாஸ் அறுவை சிகிச்சை நடந்தது. பிறகு மருத்துவக் காப்பீடு எடுத்தபோது விண்ணப்பத்தில் அதை மறைக்காமல் எழுதினோம். பாலிசி எடுத்து இரண்டு ஆண்டுகள் கழித்து முழங்கால்களிலும் மணிக்கட்டுகளிலும் வீக்கம், காய்ச்சல், கைகளில் சிவந்த கொப்புளங்கள் வந்து, எட்டு நாள் மருத்துவமனையில் இருந்தார். கிளெய்மில் எம்06.9, அதாவது முடக்கு வாதம் என்ற குறியீடு போடப்பட்டிருந்தது. 'இது நாள்பட்ட நோய், விண்ணப்பத்தில் மறைத்திருக்கிறீர்கள்' என்று சொல்லிக் காப்பீட்டு நிறுவனம் மறுத்துவிட்டது. குடல் அறுவைக்குப் பின் வரும் மூட்டு நோய்க்குத் தனிக் குறியீடு உண்டு என்று அறிந்தேன். மருத்துவமனையிடம் மாற்றித் தரும்படி கேட்கலாமா? பணம் கிடைக்கிற மாதிரி ஏதாவது குறியீட்டைப் போட்டுத் தருவதாக அங்கே ஒருவர் சொல்கிறார்.

பதில்: முதலில் அந்த மனிதரிடம் இதைப் பற்றி இனிப் பேசாதீர்கள். பணத்துக்காகக் குறியீட்டைத் தேர்ந்தெடுப்பது மோசடி. அது வெளிப்பட்டால், உங்கள் பக்கம் இருக்கும் நியாயமும் சேர்ந்து அடிபட்டுப் போகும். அதற்கான தேவையும் உங்களுக்கு இல்லை.

நீங்கள் அனுப்பிய நகல்களை இரண்டு முறை படித்தேன். அனுமதிக்கப்பட்ட இரண்டாம் நாள் மருத்துவர் கைப்பட எழுதிய குறிப்பில் '?ஆர்.ஏ.' என்று இருக்கிறது. ஆர்.ஏ. என்பது முடக்கு வாதத்தின் ஆங்கிலச் சுருக்கம். முன்னால் ஒரு சிறிய கேள்விக்குறி. முடக்கு வாதமாக இருக்குமோ என்ற சந்தேகம் மட்டும்தான் அதற்குப் பொருள். அச்சிட்ட டிஸ்சார்ஜ் சம்மரியில் அந்தக் கேள்விக்குறி இல்லை. குறியீடு போடுபவர் அச்சிட்டதைப் பார்த்து எம்06.9 என்று எழுதியிருக்கிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். பரிசோதனை முடிவுகளைப் பார்த்து நோயைத் தானே ஊகிக்கும் உரிமை அவருக்குக் கிடையாது. மருத்துவர் எழுதியதைத்தான் குறியீடாக்க வேண்டும்.

நீங்கள் குறிப்பிடும் குறியீடு, உலக சுகாதார நிறுவனத்தின் நோய்க் குறியீட்டுப் பட்டியலான ஐசிடி-10-இல் எம்02.0. குடல் பைபாஸைத் தொடர்ந்து வரும் மூட்டு நோய் என்பதே அதன் தலைப்பு. அமெரிக்கப் பதிப்பில் எந்த மூட்டு என்பதையும் சேர்க்க வேண்டும்: வலது முழங்கால் என்றால் எம்02.061, பல மூட்டுகள் என்றால் எம்02.09. முன்பு பைபாஸ் நடந்திருக்கிறது என்பதை மட்டும் சொல்ல ஐசிடி-10-இல் இசட்98.0 என்று ஒரு துணைக் குறியீடு உண்டு (அமெரிக்கப் பதிப்பில், உடல் பருமனுக்கான அறுவை என்றால் இசட்98.84). உங்கள் கிளெய்மில் அதுவும் இல்லை. அதாவது, அந்தத் தாள்களைப் படிக்கிறவருக்கு உங்கள் மனைவியின் வயிற்றில் கத்தி பட்டதே தெரியாது.

இது தனி நோயாகக் கருதப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. சிறுகுடலின் பெரும்பகுதியை ஒதுக்கிவிட்டு இணைக்கும் பழைய முறை அறுவையில், ஒதுக்கப்பட்ட குடல் பகுதியில் பாக்டீரியாக்கள் அளவுமீறிப் பெருகும். அவற்றை எதிர்த்து உடல் உண்டாக்கும் நோயெதிர்ப்புக் கூட்டுகள் ரத்தத்தில் கலந்து மூட்டுகளிலும் தோலிலும் படியும் என்பதே மருத்துவ விளக்கம். மூட்டு வீக்கத்தோடு தோலில் கொப்புளங்களும் சேர்ந்து வருவது இதனால்தான். உங்கள் மனைவியின் செவிலியர் குறிப்பில் கொப்புளங்கள் மூன்று நாள்கள் தொடர்ந்து பதிவாகியிருக்கின்றன. முடக்கு வாதக் காரணி பரிசோதனை எதிர்மறை என்று வந்திருக்கிறது. அந்தப் பரிசோதனை எதிர்மறையாக இருந்தும் முடக்கு வாதம் இருக்கலாம் என்பதால், இவற்றை மட்டும் வைத்து நானோ நீங்களோ முடிவு சொல்லக் கூடாது. ஆனால் மருத்துவரிடம் கேள்வி கேட்க இவை போதும்.

எனவே குறியீட்டை மாற்றும்படி கேட்காதீர்கள். சிகிச்சை அளித்த மருத்துவருக்கு எழுத்து மூலம் இரண்டு கேள்விகளை அனுப்புங்கள். முடக்கு வாதம் உறுதி செய்யப்பட்டதா, சந்தேகம் மட்டுமா? மூட்டு நோய்க்கும் பழைய குடல் அறுவைக்கும் தொடர்பு உண்டு என்பது அவருடைய கருத்தா? அறுவைக் குறிப்பின் நகலையும் இணையுங்கள்; எந்த வகை பைபாஸ் என்பது அதில்தான் இருக்கும். தொடர்பு உண்டு என்றால் அவர் அதை வெளிப்படையாக ஒரே வாக்கியத்தில் எழுத வேண்டும். 'அறுவை நடந்தது, மூட்டு வலி வந்தது' என்று அடுத்தடுத்து எழுதினால் போதாது. 'அதைத் தொடர்ந்து', 'அதன் விளைவாக' என்ற சொல் இருந்தால்தான் எம்02.0 நிற்கும்.

அந்தத் திருத்தம் கூடுதல் குறிப்பாக, எழுதுகிற நாளின் தேதியும் கையொப்பமும் காரணமும் தாங்கி வர வேண்டும். பழைய பதிவு படிக்கும்படி அப்படியே இருக்கட்டும். தேதியைப் பின்னுக்குத் தள்ளிய ஒரு திருத்தத்தால் நல்ல வழக்கு நாசமானதைப் பார்த்திருக்கிறேன். கணினிப் பதிவாக இருந்தால், யார் எப்போது கை வைத்தார்கள் என்பது உள்ளே பதிவாகிவிடும். திருத்தம் வந்தபின் மருத்துவமனை கிளெய்மைத் திருத்தி மறுபடி அனுப்பலாம். 'பில் போய்விட்டது, இனி முடியாது' என்ற பதிலை ஏற்காதீர்கள்.

இங்கே ஒரு ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். எம்02.0 வந்தால், 'எடை குறைப்பு அறுவையின் பின்விளைவு, பாலிசியில் விலக்கு' என்று நிறுவனம் புதிதாக ஒரு கதவை மூடப் பார்க்கும். விலக்குப் பக்கத்தைச் சொல் சொல்லாகப் படியுங்கள். அறுவைச் செலவு மட்டும் விலக்கா, பின்விளைவுகளுமா? இரண்டு பொருளுக்கும் இடம் தரும் வாசகத்தை, அதை எழுதிய நிறுவனத்துக்கு எதிராகப் பொருள் கொள்வது காப்பீட்டுச் சட்டத்தில் நெடுநாளாக உள்ள கோட்பாடு. விலக்கு பொருந்தும் என்று காட்டும் பொறுப்பும் நிறுவனத்துடையதே. பின்விளைவுகள் என்று தெளிவாகவே எழுதியிருந்தால் சண்டை கடினமாகும். அப்படியிருந்தாலும் உண்மையான நோயைத்தான் எழுதச் சொல்வேன்.

ஒருவேளை மருத்துவர், 'இது முடக்கு வாதமேதான்' என்று சொல்லிவிட்டால்? அப்போதும் மறுப்புக் கடிதம் சொல்வது தானாக நியாயமாகிவிடாது. எம்06.9 என்ற குறியீட்டில் நோய் தொடங்கிய தேதி கிடையாது. மறைத்தீர்கள் என்றால், விண்ணப்பம் எழுதிய நாளில் நோய் இருந்ததையும் அது உங்களுக்குத் தெரிந்திருந்ததையும் அவர்கள் காட்ட வேண்டும். பாலிசிக்கு முந்தைய மருத்துவச் சீட்டுகளில் மூட்டு வலி பற்றி ஒரு வரியாவது உண்டா என்று தேடுங்கள். இருந்தால் என்னிடம் முதலில் சொல்லுங்கள். எதிர்த்தரப்பு எடுத்து நீட்டும்போதுதான் எனக்கு முதன்முதலாகத் தெரியவரக் கூடாது.

மறுப்புக் கடிதத்தின் தேதியிலிருந்து மேல்முறையீட்டுக்கான கெடு ஓடிக்கொண்டிருக்கிறது. அதே கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் அந்தக் கெடு எழுதப்பட்டிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். மருத்துவரின் பதிலுக்காகக் காத்திருந்து அதைத் தவறவிடாதீர்கள். முறையீட்டைக் கெடுவுக்குள் கொடுத்துவிட்டு, 'மருத்துவரின் விளக்கம் பின்னர் இணைக்கப்படும்' என்று அதிலேயே குறிப்பிடுங்கள்.

திருத்தக் குறிப்பு கைக்கு வந்ததும் ஒரு நகலை உங்கள் மனைவியின் சிகிச்சைக் கோப்பிலும் வையுங்கள். குடல் பாக்டீரியாவால் வரும் இந்த மூட்டு நோய்க்கு ஆன்டிபயாடிக் உதவக்கூடும். முடக்கு வாதத்துக்குத் தருவது பெரும்பாலும் நோயெதிர்ப்பை அடக்கும் மருந்து. அடுத்த மருத்துவர் எம்06.9 என்ற எண்ணை மட்டும் பார்த்துச் சீட்டு எழுதிவிடக் கூடாது.