இசட்ராமை லினக்ஸிலிருந்து ஃப்ரீபிஎஸ்டிக்கு மாற்றுவது: கேள்வி பதில்

மதுரைப் பக்கம் கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) படிக்கிற தம்பி, தங்கச்சிகள் கேட்டவை. ஃப்ரீபிஎஸ்டி என்பது லினக்ஸ் போல இன்னொரு இயங்குதளம்.

திருப்பரங்குன்றம் மாணவர்: அண்ணே, இசட்ராம் என்ன செய்யுது?

ரேமின் ஒரு பகுதியையே ஸ்வாப் டிஸ்க்காக (ரேம் போதாதபோது தரவைத் தள்ளிவைக்கும் இடம்) காட்டி, அங்கே வரும் 4 கேபி பக்கங்களை, அதாவது நினைவகத் துண்டுகளை, சுருக்கி வைக்கும். இதே வசதியை ஆப்பிள் 2013-இல் மேவரிக்ஸில் கொடுத்தது. விண்டோஸ் 10-லும் உண்டு.

மேலூரிலிருந்து: எல்இசட்4 என்கிற சுருக்கும் முறை ஃப்ரீபிஎஸ்டி கர்னலில் ஏற்கெனவே இருக்கே. அதை எடுத்து ஒட்டினா முடிஞ்சிடாதா?

முடியாது தம்பி. சுருக்குவது சுலபம், சுருங்கியதை வைப்பதுதான் கஷ்டம். ஒரு பக்கம் 2900 பைட் ஆகிறது என்று வையுங்கள். ஃப்ரீபிஎஸ்டியில் நினைவகம் ஒதுக்கித் தரும் மாலக்கிடம் கேட்டால் முழு 4096 பைட்டையும் எடுத்துக்கொள்ளும், சுருக்கியும் லாபமில்லை. லினக்ஸில் இசட்ராமுக்கு இடம் ஒதுக்கும் இசட்எஸ்மாலக் பல பக்கங்களைச் சேர்த்துக் கட்டி, எல்லை தாண்டியும் அடுக்குகிறது. 3 பக்கத்தில் அந்த 2900 பைட் துண்டுகள் 4 அடங்கிவிடும். போர்ட்டில் (ஃப்ரீபிஎஸ்டிக்கு மாற்றும் வேலையில்) முதலில் எழுத வேண்டியது இதைத்தான்.

மதுரை, தங்கச்சி ஒருவர்: அண்ணா, லோடு ஏறினதும் மெஷின் அப்படியே உறைஞ்சு போகுது. ஏன்?

ரேம் தீர்ந்ததால்தான் ஸ்வாப் நடக்கிறது. சுருக்கியதை வைக்கவும் ரேம் வேண்டும். கிணற்றுக்குள் விழுந்த வாளியை எடுக்க அதே வாளியைத் தேடுகிற கதை. அந்த இடத்தில் எம்_வெயிட்ஓகே (ரேம் கிடைக்கும்வரை காத்திரு) போட்டிருந்தால், பக்கங்களை ஸ்வாப்புக்குத் தள்ளும் பேஜ்அவுட் த்ரெட் தனக்காகவே காத்து நிற்கும். எம்_நோவெயிட் (காத்திருக்காதே) போடுங்கம்மா, கொஞ்சம் பக்கங்களை முன்கூட்டியே ஒதுக்கியும் வையுங்கள்.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது. புரோகிராம் முடிந்து ஸ்வாப் இடம் காலியானால், லினக்ஸ் அதை இசட்ராமுக்கு உடனே சொல்லிவிடும். ஃப்ரீபிஎஸ்டியில் ஸ்வாப்பை நிர்வகிக்கும் ஸ்வாப் பேஜர் தன் கணக்கில் மட்டும் குறித்துக்கொள்கிறது. கீழே இருக்கும் டிரைவருக்குத் தகவல் போகாது. செத்த பக்கங்கள் ரேமை அடைத்துக்கொண்டு கிடக்கும். ஸ்வாப் இடத்தை விடுவிக்கிற ஃபங்ஷனில் டிரைவருக்குத் தகவல் சொல்லும் ஒரு ஹூக் வைத்தே ஆகவேண்டும்.

இன்னொரு கேள்வி: லினக்ஸ் கோடை ஃப்ரீபிஎஸ்டியில் எடுத்தால் லைசென்ஸ் இடிக்காதா?

இசட்ராம், இசட்எஸ்மாலக் இரண்டின் முக்கிய மூலக்கோப்புகளிலும் பிஎஸ்டி (ஃப்ரீபிஎஸ்டியின் லைசென்ஸ்) அல்லது ஜிபிஎல் (லினக்ஸின் லைசென்ஸ்) என்றே எழுதியிருக்கும். மற்ற லினக்ஸ் கோப்புகளைத் தொடாதீர்கள். அவை பெரும்பாலும் ஜிபிஎல் 2 மட்டும்.

உசிலம்பட்டியிலிருந்து: எப்படி டெஸ்ட் பண்றது?

512 எம்பி விர்ச்சுவல் மெஷினில், ரேண்டம் தரவை வைத்து. அது சுருங்காது, சற்று வீங்கவே செய்யும்: 4096 பைட்டுக்கு எல்இசட்4 அதிகபட்சம் 4128 வரை கேட்கும். பஃபரை (சுருக்கியதை எழுதும் இடத்தை) 4096-ஆக வைத்து, எல்லை பார்க்காமல் சுருக்கினால், பக்கத்து நினைவகத்தின் மேல் எழுதிவிடும். அளவு குறையவில்லை என்றால் சுருக்கியதைத் தூக்கிப்போட்டு, பக்கத்தை அப்படியே சேமியுங்கள்.